கறுப்பு வெள்ளைப் படமும் எட்டாம் வகுப்பு ஏ பிரிவும்



போன வாரம் தெற்கு ரத வீதியில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை இங்கே போட்டிருந்தேன். "சார், எந்த ஆப்? எந்த ஃபில்டர்?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். ஆப் எதுவும் இல்லை. படச்சுருளில் எடுத்து, வீட்டுக் குளியலறையில் கழுவி, பிரிண்ட் போட்டு, அதைப் போனில் படம் பிடித்துப் போட்டது. அப்படிச் சொன்னதும், "இந்தக் காலத்திலா சார்?" என்று இன்னும் நாலு பேர். தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும். வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு அது புதிதில்லை. மணி அடித்த பிறகும் பத்து நிமிஷம் பேசுகிற ஆள்தானே.

1977ல் அறிவியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். 1979ல் கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரிடம் இருந்து ஆக்ஃபா கிளிக் மூன்று என்ற கேமராவைப் பழசாக வாங்கினேன். அன்றைக்கு நடுத்தரக் குடும்பத்தில் கேமரா என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நம் நாட்டிலேயே, பரோடாவில் செய்தது. கறுப்பு டப்பா. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. மற்றபடி அதில் திருகவும் மாற்றவும் ஒன்றும் கிடையாது. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு படம், சதுரமாக வரும். முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடி ஜன்னல். அதில் ஃபிலிம் பின்னால் ஒட்டிய தாளின் எண் தெரியும். ஒன்று, இரண்டு என்று பார்த்துப் பார்த்துச் சுற்ற வேண்டும். அந்த ஜன்னல் ஏன் சிவப்பு என்று பையன்களிடம் கேட்பேன். பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால்தான். பிற்பாடு வந்த பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும். ஆனாலும் ஜன்னல் சிவப்பாகவே நின்றுவிட்டது. நம் பாடப் புத்தகத்திலும் இப்படிச் சில ஜன்னல்கள் உண்டு.

அப்போது ஃபிலிம் ஊட்டியில் இருந்து வந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசின் நிறுவனம். 1960ல் ஆரம்பித்தார்கள். பிரெஞ்சு நாட்டு பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்பது சரக்கின் பெயர். ஊட்டியில் அந்தப் பகுதிக்கே இந்து நகர் என்றுதான் இன்றும் பெயர். குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்பதால் மலைக்குப் போனார்கள். வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து ஃபிலிம் மேல் பூசுகிற வேலை, ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் காட்டிக் கொடுத்துவிடும். படச்சுருள், புரோமைடு தாள், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் எல்லாம் அங்கே தயாரானது. உங்கள் வீட்டுப் பழைய மஞ்சள் பெட்டியில் தாத்தாவின் எக்ஸ்ரே இருந்தால் அது ஊட்டிச் சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1990களில் அந்த ஆலை நலிந்து, பிறகு ஓய்ந்தே போனது. வண்ணம் வந்தது, வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக வந்தது, கடைசியில் டிஜிட்டல் வந்தது. கோடாக் கம்பெனியே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது என்றால், ஊட்டி என்ன செய்யும்? இருந்தாலும் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. ஃபிலிம் பூசத் தெரிந்த நாடுகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதில் நாமும் ஒன்றாக இருந்தோம்.

கழுவக் கற்றுக்கொடுத்தவர் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். இப்போது இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் போய் அவர் இருட்டறையில் நிற்பேன். டி-76 என்கிற டெவலப்பரை எடை போட்டுக் கலக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் வாய்ப்பாடு மாதிரி வாயில் நிற்கிறது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை இது கறுப்பு வெள்ளியாக மாற்றிவிடும். வெளிச்சம் படாத மிச்ச உப்பை ஹைப்போ கரைத்துக்கொண்டு போய்விடும். ஹைப்போவுக்கு இந்தக் குணம் இருப்பதை 1819லேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல். அப்போது புகைப்படம் என்ற ஒன்றே பிறக்கவில்லை. பூட்டு செய்வதற்கு இருபது வருஷம் முன்னாலேயே சாவி செய்து வைத்த மாதிரி. 1839ல்தான் அதற்கு வேலை வந்தது.

அந்த ஹைப்போத் தண்ணீரைப் பெரியவர் கீழே ஊற்ற மாட்டார். ஜாடியில் சேர்த்து வைப்பார். வெள்ளி எடுக்கிறவர்கள் வந்து விலைக்கு வாங்கிப் போவார்கள். "நாம படம் எடுக்கல வாத்தியாரே, வெள்ளிக் கடை வச்சிருக்கோம்" என்பார்.

பள்ளியில் ஆய்வுக்கூடத்தின் ஓரத்தில் ஒரு சாமான் அறை இருந்தது. தலைமையாசிரியர் அனுமதியோடு ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டி இருட்டறை ஆக்கினேன். வெள்ளி குளோரைடு வெயிலில் கறுக்கும் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும், ஒளிச்சிதைவுக்கு எடுத்துக்காட்டாக. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பையன் மனப்பாடம் செய்வான். சிவப்பு விளக்கில் வெள்ளைத் தாள் ஒன்றைத் தட்டில் போட்டு ஆட்ட, அதில் அவன் முகமே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தால் அப்புறம் மறக்கவே மாட்டான். ஒருத்தன் "ஐயோ, நான் வாறேன் சார்!" என்று கத்தினான். இன்றைக்கு அவன் தூத்துக்குடியில் ரசாயன ஆலையில் பெரிய பொறுப்பில் இருக்கிறான்.

நம் ஊரில் கறுப்பு வெள்ளை செய்வதற்கு முதல் எதிரி வெக்கை. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். சித்திரை மாதம் சங்கரன்கோவில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியா? அது நேரே டீத்தூள் போடலாம் என்கிற பக்குவத்தில் வரும். சூடு கூடினால் படம் சீக்கிரம் கறுத்துவிடும், ஜெலட்டின் இளகி ஃபிலிமில் இருந்து உரிந்தும் வரும். அதற்கு நான் கண்ட வழி மண்பானை. முதல் நாள் ராத்திரியே பானையில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்துவிட்டால் விடியற்காலம் 25, 26 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அப்புறம் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் இப்போது வாங்கும் இல்ஃபோர்டு ஹெச்.பி.5 ஃபிலிமுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். ஒரு டிகிரி ஏறினால் பத்தில் ஒரு பங்கு நேரம் குறை. இது போதும். மார்கழியில் பானையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கடைசியாக அலசுவதற்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். நம் உப்புத் தண்ணீர் காய்ந்தால் ஃபிலிமில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும்.

வெக்கைக்கு எதிரில் ஒரு நல்லதும் உண்டு. நம் பக்கம் காற்றில் ஈரம் குறைவு. தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர் நல்ல நல்ல லென்ஸாக வைத்திருந்தார். குற்றாலத்துச் சாரல் சமயத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படர்ந்துவிட்டது. அங்கே குளிக்கப் போகலாம், கேமராவை வைத்துக் குடியிருக்க முடியாது. கரிசல் வெயில் நமக்குக் கொடுத்த சீதனம் என்று நெகட்டிவைச் சொல்லலாம். நாற்பத்தைந்து வருஷத்து நெகட்டிவ் என்னிடம் பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கிறது.

1986ல் ஒரு யாஷிகா மேட் 124ஜி கைக்கு வந்தது. ராஜபாளையத்தில் கல்யாணப் படம் எடுத்தவர், வண்ணத்துக்கு மாறியபோது பழையதை விற்றார். இரண்டு கண் உள்ள கேமரா. மேல் கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க் கண் ஃபிலிமுக்கு. இதை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் தெரிகிற படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். சப்பரம் வலப்பக்கம் போனால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். முதல் வருஷம் ஆடித்தபசுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனபோது, கூட்டத்தில் அம்மன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தோம்.

ஆனால் ஆள்களை எடுக்க இதைப்போல் ஒன்று கிடையாது. கண்ணுக்கு நேரே கேமராவைத் தூக்கினால் எதிரே நிற்பவர் விறைத்துவிடுவார். குனிந்த தலையைப் பார்த்து யாரும் விறைப்பதில்லை. பூக்கடைக்காரர் பாட்டுக்குப் பூ கட்டுவார், தறிக்காரர் பாட்டுக்கு நூல் முடிவார்.

அதில் உள்ள ஒளிமானிக்குப் பாதரச பேட்டரி வேண்டும். பாதரசம் நச்சு என்று அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள், அது சரிதான். கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 நம்பர் துத்தநாக பேட்டரியை வைத்தால் ஓரளவு சரியாகக் காட்டும். மருந்துக்கடையில் போய்க் கேட்டால், "சாருக்கும் காது மந்தமாயிட்டா?" என்று பரிதாபமாகப் பார்க்கிறார்கள். இல்லப்பா, கேமராவுக்கு என்றால் இன்னும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். பகலில் அதுகூட வேண்டாம். நல்ல வெயிலில் துளையை 16ல் வை, ஃபிலிம் வேகம் 125 என்றால் ஷட்டரும் 125. நம் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் இந்த ஒரு கணக்கிலேயே ஓட்டிவிடலாம்.

தபசுக் காட்சியை எடுப்பதுதான் இன்றுவரை சவால். சாயங்காலம் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் நேரம் வெளிச்சம் மங்கிக்கொண்டே வரும். சனம் பருத்தியையும் வத்தலையும் சூறை விடும். மேலே பறக்கிற பருத்தியை வானத்து வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பு வெள்ளையில் அது தனி அழகு, வண்ணத்தில் எடுத்தால் குப்பை பறப்பது மாதிரி இருக்கும். பன்னிரண்டு படத்தில் ஒன்று தேறும். சில வருஷம் அந்த ஒன்றும் தேறாது.

இப்போது என் உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு வகுப்புப் படம் எடுக்க ஸ்டுடியோக்காரரை அழைத்தால் ஒவ்வொரு பிள்ளையும் காசு கட்ட வேண்டும். தறிக் குடும்பம், கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் பணம் கட்ட முடியாமல் அன்றைக்கு மட்டம் போட்டுவிடுவார்கள். படத்தில் இல்லாதவன் எவன் என்று பார்த்தாலே எந்த வீட்டில் கஷ்டம் என்று தெரிந்துவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் 1980ல் இருந்து நானே எடுத்தேன். யாரிடமும் காசு கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கிளிக் மூன்றுக்கு வெயில் நிறைய வேண்டும். அதனால் காலையில் பிள்ளைகளைச் சூரியனுக்கு எதிரே மூன்று வரிசையாக நிறுத்துவேன். என் வகுப்புப் படங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். நெகட்டிவ் அளவுக்கே சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். என் மாணவிதான், ஐம்பது வயது இருக்கும்.

"சார், எங்க அண்ணன் படம் உங்ககிட்ட இருக்குமா?"

அண்ணன் 1983ல் எட்டாம் வகுப்பு ஏ பிரிவு. அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, வகுப்பே அவன் வீட்டுக்குப் போனோம். வீட்டில் அவனுடைய படம் என்று இருந்தது நான் கொடுத்த அந்தச் சின்ன பிரிண்ட் ஒன்றுதான். தகரப் பெட்டியில் வைத்திருந்ததைக் கரையான் தின்றுவிட்டதாம். அந்தக் காலத்தில் இறந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளை என்பதால் இவர்கள் அதையும் செய்யவில்லை.

"அம்மாவுக்கு எம்பத்திமூணு வயசாவுது சார். போன மாசம் ராத்திரி எந்திச்சு உக்காந்து அழுதா. என்னம்மான்னு கேட்டா, எம்புள்ள மொகம் மறந்து போச்சுட்டிங்கா."

நெகட்டிவ் இருந்தது. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பர் உறையில் போட்டு வகுப்பும் வருஷமும் பென்சிலால் எழுதி வைப்பது என் பழக்கம். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஐந்தரை சென்டிமீட்டர் அகலத்தில். அவன் இரண்டாவது வரிசையில் ஓரத்தில் இருந்து மூன்றாவது ஆள். ஸ்கேலை வைத்து அளந்தேன். முகம் இரண்டு மில்லிமீட்டர். கிளிக் மூன்றின் லென்ஸ் நடுவில் ஓரளவு துல்லியம், ஓரத்துக்குப் போகப் போகக் குழைந்துவிடும்.

முகம் ஒன்றரை அங்குலமாவது வர வேண்டும் என்றால் இருபது மடங்கு பெரிதாக்க வேண்டும். என் என்லார்ஜரில் அவ்வளவு உயரம் இல்லை. தலைப்பகுதியைப் பின்பக்கம் திருப்பி, அடிப்பலகை கவிழாமல் இருக்க அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து, படத்தைத் தரையில் விழ வைத்தேன். லென்ஸில் இருந்து தரைக்கு அஞ்சடிக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு தூரத்தில் வெளிச்சம் நீர்த்துப்போய், ஒரு பிரிண்ட்டுக்கு இரண்டரை நிமிஷம் காட்ட வேண்டி வந்தது. அந்த இரண்டரை நிமிஷமும் வீட்டுக்காரம்மா சமையல்கட்டில் அம்மி தேடிக்கொண்டும், நான் யாரும் நடக்காதீர்கள் என்று கத்திக்கொண்டும் இருந்தோம். தாள் பழசு, ஃபிரிட்ஜில் வைத்திருந்தும் லேசாகப் புகை படிந்திருந்தது. டெவலப்பரில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் புரோமைடு கூடச் சேர்த்ததும் வெள்ளை கொஞ்சம் தெளிந்தது.

ஆறாவது தாளில் ஒரு முகம் வந்தது. முகம் என்று நான் சொல்கிறேன். நீங்கள் பார்த்தால் மணல் கொட்டிய மாதிரி இருக்கும். அவ்வளவு பெரிதாக்கினால் வெள்ளித் துகள்தான் தெரியும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுத்த கீற்று. வாய் ஒரு கோடு. கழுத்துக்குக் கீழே, சட்டையில், ஒரு வெள்ளைப் புள்ளி. தூசி என்றால் பிரிண்ட்டில் அப்படித்தான் விழும், அதைத் தூரிகையால் சாம்பல் நிறம் வைத்து மூடிவிடுவது வழக்கம். மூடுவதற்கு முன்னால் நெகட்டிவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தூசி இல்லை, படிந்த வெள்ளிதான். அங்கே என்னவோ பளிச்சென்று இருந்திருக்கிறது. விட்டுவிட்டேன்.

பிரிண்ட் காய வேண்டும், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி, ஈரத்தோடு அதைப் போனில் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் மகன் பெங்களூருவில் கணினி வேலையில் இருக்கிறான். பாசத்தில் அவன் அதை எதிலோ கொடுத்துத் தெளிவாக்கிவிட்டான். செயற்கை நுண்ணறிவு. மறுநாள் நான் போவதற்குள் அந்தப் படம் பெரிதாகக் கலர் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. பார்த்தேன். அசந்துவிட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டும். இமை முடி தெரிகிறது. கண் விரிந்து பளபளவென்று இருக்கிறது. பல் வரிசை. சட்டையில் மடிப்புக்கூட இஸ்திரி போட்ட மாதிரி.

அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தறிச் சத்தம். கண்ணில் புரை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. கலர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார்கள் போல.

என்னைப் பார்த்ததும், "வாங்க சார்வாள்" என்றவர்கள், "பேரன் நல்லாத்தான் பண்ணியிருக்கான். இது யாரு பெத்த புள்ளையோ. நல்லா இருக்கட்டும்" என்றார்கள்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் என் பிரிண்ட்டை உறையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கே நம்பிக்கை இல்லை. வெயில் பக்கம் திரும்பிப் பிடித்துப் பார்த்தார்கள். அப்புறம் விரலால் அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டார்கள்.

"ஊக்கு."

மகள், "என்னம்மா?" என்றாள்.

"பித்தான் அந்துபோச்சு. படம் புடிக்காவன்னு அவசரத்துல ஓடுதான். நாந்தான் ஊக்கு குத்திவிட்டேன். ஒங்க சித்தப்பன் சட்டை அது, வெட்டித் தச்சது." கொஞ்சம் நேரம் கழித்து, "வெயிலு பட்டா இப்பிடித்தான் கண்ணச் சுருக்குவான், எங்க அப்பா மாதிரி" என்றார்கள்.

பேரன் போட்ட கலர் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஊக்கு இல்லை. அந்த இடத்தில் அழகாக ஒரு பொத்தான் இருந்தது. இயந்திரத்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சட்டையில் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று அதைக் கேட்டால், பொத்தான் என்றுதான் சொல்லும். லட்சம் சட்டையைப் பார்த்துப் படித்த பிள்ளை அது. விரிந்த கண்ணும் அப்படித்தான், படத்தில் பிள்ளைகளின் கண் விரிந்துதானே இருக்கும். என் கேமரா அப்படி எதையும் படித்ததில்லை. 1983ல் ஒரு காலைநேரம் அந்த ஊக்கில் பட்ட வெயில் லென்ஸ் வழியாக உள்ளே வந்து ஃபிலிமில் ஓர் இடத்தைக் கறுக்க வைத்தது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

உடனே நாலு பேர், சாருக்குப் புதுசு என்றாலே பிடிக்காது என்பீர்கள். அப்படி இல்லை. முகத்தைத் திருத்துவது ஸ்டுடியோ இருட்டறையில் தினசரி நடந்த வேலை. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் நெகட்டிவில் கூர்ப்பென்சிலால் கோடு கோடாக இழைத்து அம்மைத் தழும்பை எடுப்பார். கறுத்த பெண்ணின் நெகட்டிவில் முகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் தடவுவார். பிரிண்ட் போட்டால் அந்த இடம் வெளுத்து வரும், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப. எத்தனை கல்யாணம் அந்தச் சிவப்புச் சாயத்தில் முடிந்ததோ. ஆனால் அவர் என்ன செய்தாலும் அடியில் நெகட்டிவ் அப்படியே இருக்கும். சாயத்தைத் தண்ணீரில் கழுவினால் அந்தப் பெண் திரும்ப வந்துவிடுவாள். பேரனிடமும் அதைத்தான் சொன்னேன். நீ செய்ததைச் செய், தப்பில்லை. எந்தப் படத்தில் இருந்து செய்தாயோ அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. அவன் நல்ல பிள்ளை. "சரி தாத்தா" என்று சொல்லிவிட்டு, என் பிரிண்ட்டை ஸ்கேன் செய்துகொண்டு போனான். எதையும் தெளிவாக்காமல்.

அந்த அம்மா போன தை மாதம் காலமானார்கள். படம் சுவரில் மாட்டவில்லை, அவர்கள் தலையணைக்கு அடியிலேயே இருந்தது என்று மகள் சொன்னாள். மூலை மடங்கியிருந்ததாம். இன்னொன்று போட்டுத் தரவா என்று கேட்டேன். வேண்டாம் சார், அதே இருக்கட்டும் என்றாள்.

சரி, கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது, சென்னை, மும்பைக் கடைகளில் இருந்து தபாலில் வரும். 120 ரோல் ஒன்று கூரியரோடு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறது. பன்னிரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் எண்பது ரூபாய்க்கு மேல். அதனால்தான் நான் யோசித்து யோசித்து எடுக்கிறேன், ஞானம் எல்லாம் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர் விலை கூடிய கேமரா தேட வேண்டாம். பரணில் கிளிக் மூன்று கிடந்தால் போதும். பின்கதவு ஒழுங்காக மூடுகிறதா, ஷட்டர் சொடுக்குகிறதா, இரண்டையும் பாருங்கள்.

வீட்டில் பழைய நெகட்டிவ் இருப்பவர்களுக்கு: பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், வேர்த்து ஒட்டிக்கொள்ளும். பட்டர் பேப்பர் நல்லது. திறந்தவுடன் காடி வாசனை அடித்தால் ஃபிலிமின் அடித்தளம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் தனியே எடுத்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்துவிடுங்கள். பிரிண்ட் இருக்கிறதே என்று நெகட்டிவைக் குப்பையில் போட வேண்டாம். பிரிண்ட்டில் வெட்டிப்போன ஓரத்தில்தான் பல சமயம் நமக்கு வேண்டியவர் நிற்பார்.

1980 முதல் 1996 வரை நம் பள்ளியில் ஆறாவது முதல் பத்தாவது வரை படித்தவர்கள், வகுப்பும் பிரிவும் வருஷமும் எழுதி அனுப்புங்கள். 1981 ஒன்பதாவது பி மட்டும் கேட்க வேண்டாம், அன்றைக்குப் பள்ளி மைதானத்தில் மழை வந்துவிட்டது, எடுக்கவே இல்லை. மற்றவை ஏறக்குறைய எல்லாம் இருக்கின்றன. முகம் சின்னதாகத்தான் இருக்கும், பெரிதாக்கினால் மணலாகத்தான் வரும். இப்போதைக்குத் தாள் நாற்பது இருக்கிறது. முதலில் எழுதுகிறவர்களுக்கு முதலில். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் நீங்களே தட்டை ஆட்டிப் பார்க்கலாம். அம்மிக்கல்லைத் தூக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.